கோர்ட்டுக்குப் போற ஆள் தேவை

ஒருத்தர் யோக்கியரா இல்லையான்னு விசாரிச்சுச் சொல்றதுதான் என் பொழப்பு. அந்தப் பொழப்புல, கோர்ட் ரெகார்ட் பார்க்கறதுக்குன்னு நான் எடுத்த ஆளை, அவர் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்ல முருங்கைக்காய் பொறுக்கின அழகைப் பார்த்து எடுத்தேன். ஆபீஸ்ல இது இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது. அங்க நான் "நேரடிக் கள அறிமுகம்"னு எழுதி வச்சிருக்கேன். களம்தான். வாசல்ல ஆட்டோக்காரங்க கத்திக்கிட்டிருந்தாங்க, உள்ள மீன் வாடை, நடுவுல நாங்க ரெண்டு பேரும் முருங்கைக்காய்க் கட்டை முறுக்கிப் பார்த்துக்கிட்டிருந்தோம்.

எங்க வேலையைக் கொஞ்சம் சொல்லிடறேன். ஒரு கம்பெனி ஒருத்தரை வேலைக்கு எடுக்கும். எடுத்ததும் அவர் பேரை எங்களுக்கு அனுப்பும். படிச்சேன்னு சொன்ன காலேஜ்ல படிச்சாரா, இருக்கேன்னு சொன்ன வீட்டுல இருக்காரா, கோர்ட்ல அவர் மேல கேஸ் ஏதாவது இருக்கான்னு நாங்க பார்த்துச் சொல்லணும். ஒண்ணும் இல்லைன்னா பச்சை. இருந்தா சிவப்பு. சிவப்பு வந்தா அந்த மனுஷனுக்கு வேலை அனேகமா போச்சு.

"கோர்ட்டு விஷயமெல்லாம் இப்ப ஆன்லைன்லயே வருதே"ம்பாங்க. வருது. பேரைப் போட்டா பேரு வருது. டெல்லில அதே பேர்ல ஒரு பஸ் நிறைய ஆளுங்க இருப்பாங்க. அதுல நம்ம ஆள் யாருன்னு தெரியணும்னா அப்பா பேரோ புருஷன் பேரோ, வயசு, அட்ரஸ் எல்லாம் வேணும். அதெல்லாம் கோர்ட்ல இருக்கற ஃபைலுக்குள்ள இருக்கும். யாராவது போய், கேட்டு, காத்திருந்து, புரட்டிப் பார்க்கணும். அதுக்குத்தான் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் வெளி ஆள் ஒருத்தரை வச்சிருக்கோம். அவங்களைப் பொறுக்கி எடுக்கறது நான்.

டெல்லில எங்க துவாரகா கோர்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தவர் ஒருநாள் திடீர்னு பொண்ணு வீட்டுல இருக்கக் கனடா போயிட்டார். புது ஆள் தேட ஆரம்பிச்சேன். அந்த மாசம் பூரா எனக்குப் பித்தம் தலைக்கேறிக் கெடந்துச்சு. ஒருத்தர் வந்து உக்காந்ததும், "எல்லா ஜட்ஜும் நமக்குத் தெரிஞ்சவங்க சார்"னார். ஜட்ஜைத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது, எனக்கு வேண்டியது ஃபைலைத் தெரிஞ்ச ஆள். இன்னொருத்தர்கிட்ட, சாம்பிளுக்கு ரெண்டு பேர் அனுப்பறேன், பார்த்து ரிப்போர்ட் குடுங்கன்னேன். நான் பேர் அனுப்பறதுக்கு முன்னாடியே "ரெகார்ட் இல்லை"ன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. அந்த வேகத்துக்கு அவரை எடுத்திருந்தா எங்க முதலாளி எனக்குப் பொன்னாடையே போத்தியிருப்பார்.

வந்தவங்கள்ல ஒரு வக்கீலம்மாவும் உண்டு. ஹரியானால ரோத்தக் பக்கத்து ஆளு, பேச்சு அறையற மாதிரி இருக்கும்.

"எத்தனை நாள்ல ரிப்போர்ட் தருவீங்க?"ன்னு ஹிந்தில கேட்டேன்.

"ஃபைல் கையில வந்ததும்."

"கொஞ்சம் ஜல்தியா?"

"ஃபைல் என் வீட்டு பீரோவுல இல்லையே."

"சரி, கேஸ் இல்லைன்னா க்ளியர்னு எழுதிக் குடுப்பீங்கள்ல?"

"மாட்டேன். இந்தக் கோர்ட்ல, இந்தப் பேர்ல, நான் தேடினவரைக்கும் இல்லைன்னு எழுதுவேன். அவன் க்ளியரா இல்லையான்னு அவன் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்."

அந்தம்மா பேருக்குப் பக்கத்துல "ஒத்துழைப்பு போதாது"ன்னு குறிச்சுக்கிட்டேன். பேனாவுக்கு வாய் இருந்தா அன்னிக்கே சிரிச்சிருக்கும்.

அந்த எரிச்சல்ல இருந்தப்பதான் சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். இட்லி அரிசி, காபிப் பொடி, வீட்டுல சொன்ன அப்பளம். காய்கறிக் கடைல என் வயசுக்காரர் ஒருத்தர், அரைக்கை சட்டை, கையில மஞ்சப்பை, கடைக்காரன்கிட்ட முருங்கைக்காயை நீட்டி, "பையா, யே தோ லக்டி ஹை"ன்னு சொல்லிட்டு, தனக்குத்தானே தமிழ்ல, "விறகைக் கொண்டாந்து வச்சிருக்கான்"னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவர் திரும்பினார். அவ்வளவுதான்.

டெல்லித் தமிழன் ரெண்டு பேர் சந்திச்சா என்ன நடக்கும்னு டெல்லித் தமிழனுக்குத் தெரியும். ஊர் எது, எந்த டிபார்ட்மென்ட், எந்த செக்டர், எத்தனை வருஷமாச்சு. அவருக்கு ஸ்ரீரங்கம். எனக்கு உறையூர். "அட, ஆத்துக்கு அந்தக் கரை இந்தக் கரை!"ன்னார். ரெண்டு பேரும் காவிரியைப் பார்த்து வருஷம் பல ஆகுது, இருந்தாலும் அந்த நிமிஷம் ரெண்டு பேர் காலும் ஈரமா இருந்த மாதிரி ஒரு நெனப்பு. என்ன பண்றீங்கன்னு கேட்டேன். ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தேன், இப்ப தனியா கோர்ட் வேலைங்க பார்க்கறேன்னார். எனக்குக் கும்பிடணும்போல இருந்துச்சு. பேசிக்கிட்டே எனக்கும் சேர்த்து நல்ல முருங்கைக்காயா நாலு பொறுக்கி என் பைக்குள்ள சொருகினார்.

திங்கக்கிழமை அவரை லிஸ்ட்ல ஏத்திட்டேன்.

எங்ககிட்ட ஒரு விதி இருக்கு. புதுசா வர்ற ஆளுக்கு, கேஸ் இருக்குன்னு எங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சில பேரைச் சொல்லாம குடுக்கணும். அவர் அதைக் கண்டுபிடிச்சுக்கிட்டு வந்தா நிஜமா போறார்னு அர்த்தம். கண்டுபிடிக்கலைன்னா வீட்டுல உக்காந்து எழுதறார்னு அர்த்தம். இந்த விதியை எழுதினதே நான்தான். பூதக்கண்ணாடி படமெல்லாம் போட்டு மீட்டிங்ல விளக்கியிருக்கேன், கைதட்டக்கூட செஞ்சாங்க. அவருக்கு மட்டும் அந்தச் சோதனையை வைக்கலை. நமக்கு முருங்கைக்காய் பொறுக்கிக் குடுத்த மனுஷனை எப்படிங்க சோதிக்கறது? மரியாதையா இருக்குமா? ஊர்ல சம்பந்தம் பேசும்போதுகூட நாலு பேர்கிட்ட விசாரிப்போம். நான் அதைக்கூடப் பண்ணலை.

அடுத்த சில மாசம் ரிப்போர்ட்டுங்க சூடா வந்து விழுந்துச்சு. எல்லாம் பச்சை. எல்லாம் சொன்ன நேரத்துக்கு முன்னாடி. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "துவாரகா பெல்ட் பஹுத் அச்சா சல் ரஹா ஹை"ன்னு, ரொம்ப நல்லா ஓடுதேன்னு பாராட்டினார். நான் அடக்கமா சிரிச்சேன். எல்லாமே பச்சையா வந்தா சந்தேகப்படணும்னு அந்தப் பூதக்கண்ணாடி மீட்டிங்ல நான்தான் சொல்லியிருந்தேன்.

அப்புறம் ஒரு சிவப்பு வந்துச்சு. பார்த்ததும் எனக்கு சந்தோஷம்தான், சத்தியமா. பார்த்தியா, மனுஷன் நிஜமாவே போய்த் தேடறார்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்த சிவப்புக்குச் சொந்தக்காரங்க ஒரு கோயமுத்தூர் அம்மா. துவாரகால ஒரு சொசைட்டி ஃப்ளாட்ல இருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஊர்ல ஒரு மில்லுல கணக்கு பார்த்தவங்க. புருஷனுக்கு மாத்தல் மேல மாத்தல், பொண்ணு பிறந்தப்பறம் வேலைக்கே போகலை. இப்ப பொண்ணு காலேஜ் போனதும், பக்கத்துல ஒரு ஸ்கூல்ல அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ குடுத்து, கிடைச்சும் போச்சு. எங்க ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. அந்த ரிப்போர்ட்ல எழுதியிருந்தது: பார்க்கிங் தகராறுல பக்கத்து வீட்டுக்காரரைக் கிரிக்கெட் மட்டையால அடிச்சதா கிரிமினல் கேஸ், விசாரணை நிலுவையில் இருக்கு.

புதன்கிழமை அவங்க நேரா ஆபீசுக்கே வந்துட்டாங்க. சாதாரணமா யாரும் வர மாட்டாங்க, மெயில்ல திட்டுவாங்க. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, "சார், ஆப்கி மதராசி மேடம் ஆயீ ஹை"ன்னு என் தலையில கட்டிடுச்சு. பார்த்தா காட்டன் புடவை, ஒல்லியா, தோள்ல துணிப்பை. மட்டை தூக்கற ஆளா தெரியலை. ஆனா பார்த்தா தெரியாதுங்கறதாலதானே எங்க கம்பெனியே ஓடுது.

"இது நானில்லீங்க"ன்னாங்க.

"மேடம், எங்க ஆள் ஃபைலை நேர்ல பார்த்து எழுதினது."

"எங்ககிட்ட காரே இல்லீங்க. அவரு மெட்ரோல போறாரு, நான் ஈ-ரிக்‌ஷால போறேன். பார்க்கிங்குக்கு நான் எதுக்குங்க சண்டை போடறேன்?"

"இருக்கலாம் மேடம். நீங்க ஆட்சேபணை தெரிவிக்கலாம். போர்ட்டல்ல அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு."

"அது போட்டுட்டேனுங்க. பத்து வேலை நாள்னு வருது. எனக்குத் திங்கக்கிழமை சேரணும். அதுக்குள்ள இது சரியாகலைன்னா அடுத்து இருக்கற ஆளுக்குக் குடுத்துருவோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

"ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கே மேடம்."

"நீங்களே ஒருக்கா போய்ப் பாருங்களேன். கோர்ட்டு இங்கதானுங்க இருக்குது. ஒரு நடை."

நான் தண்ணி குடுத்தேன். பிஸ்கட் நீட்டினேன். அவங்க ரெண்டையும் தொடலை. எந்திரிச்சுப் போகும்போது, "ஒண்ணாங்கிளாஸ் போற கொழந்தை மாதிரி புது டிஃபன் பாக்ஸ் வாங்கியாச்சுங்க, எம்பொண்ணு கேலி பண்ணிட்டிருக்கா"ன்னாங்க. நான் சிரிச்சு வச்சேன், வேற ஒண்ணும் கேட்கலை.

அவங்க போனதும் நம்ம ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன சார் நீங்க, எங்கண்ணால பார்த்து எழுதினது சார் அது. அதே பேரு, அதே துவாரகா."

"புருஷன் பேரு பார்த்தீங்கள்ல?"

"பார்க்காம? சார், எல்லாரும் நானில்லைன்னுதான் சொல்வாங்க. ஜெயில்ல போய்க் கேளுங்க, ஒருத்தனும் நான்தான்னு சொல்ல மாட்டான்."

எனக்கு அது ரொம்ப ஞானமா பட்டுச்சு. சாயங்காலம் டீ குடிக்கும்போது, நானே யோசிச்சுச் சொல்ற மாதிரி நாலு பேர்கிட்ட சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்கன்னு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடினேன். நேந்திரம் சிப்ஸ் வறுக்கற கடைல க்யூ. நின்ன நேரத்துக்கு, அந்த ஆட்சேபணை விஷயம் என்னாச்சுன்னு கேட்போம்னு அவருக்கு ஃபோன் அடிச்சேன்.

எடுத்தார். குரலை ரொம்பத் தாழ்த்தி, "சார், மெதுவா பேசுங்க. கோர்ட்டுக்குள்ள இருக்கேன். ஜட்ஜ் வந்து உக்காந்துட்டார்"னார்.

"சரி சரி, அந்த மட்டை கேஸ்..."

"கரம் கரம் சிப்ஸ்! கரம் கரம்!"னு கடைப் பையன் ஒரு கத்து கத்தினான். என் இடது காதுல நேரா விழுந்துச்சு. வலது காதுல, ஃபோனுக்குள்ள இருந்தும் விழுந்துச்சு.

நான் ஃபோனைக் காதுல இருந்து எடுத்துப் பார்த்தேன். மறுபடி வச்சேன். ரெண்டு அடி எடுத்து வச்சு எட்டிப் பார்த்தா, அடுத்த கடை வாசல்ல, ஒரு கையில சேப்பங்கிழங்கு, இன்னொரு கையால வாயைப் பொத்திக்கிட்டு, கோர்ட்டுல பேசற மாதிரியே குனிஞ்சு பேசிக்கிட்டிருக்கார்.

பக்கத்துல போய் நின்னேன். "ஜட்ஜ் இன்னிக்கு சேப்பங்கிழங்கா விக்கறார்?"

நெளிவார்னு எதிர்பார்த்தேன். நெளியலை. கிழங்கைத் தராசுல போட்டுட்டு, "அட, வாங்க சார்! நீங்களா!"ன்னார்.

"கோர்ட்ல இருக்கேன்னீங்களே."

"போகணும்னுதான் சார் கிளம்பினேன். வழியில இது ஒரு வேலை."

"அந்தம்மா ஃபைலைப் பார்த்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"சார், இப்பல்லாம் யார் சார் ஃபைல் பார்க்கறாங்க? ஃபோன்லயே வருதே. அங்க போனாலும் இதே ஸ்க்ரீன்தான். பேரைப் போட்டேன், துவாரகா கோர்ட்டுல வந்துச்சு, எழுதினேன்."

"புருஷன் பேரு?"

"ஸ்க்ரீன்ல அது வராது சார்."

"இத்தனை மாசமா குடுத்த பச்சையெல்லாம்?"

"நம்ம ஜனங்க மேல எதுக்கு சார் சந்தேகப்படணும்"னு சிரிச்சார். அந்தப் பச்சை லிஸ்ட்ல முக்காவாசி ஜனம் பஞ்சாபி. எனக்கு அங்கேயே அந்தச் சேப்பங்கிழங்கை எடுத்து ஒண்ணு போடலாமான்னு இருந்துச்சு. மட்டை கேஸ்ல அடிச்ச அம்மா யாரோ, அவங்க மேல திடீர்னு ஒரு மரியாதையே வந்துடுச்சு.

சிப்ஸை விட்டுட்டு மெட்ரோ பிடிச்சேன். கோர்ட் வாசல்ல பையைச் சோதிச்சாங்க, உள்ள விருந்தாளிங்களுக்கு வாங்கின அப்பளக் கட்டு இருந்துச்சு. "யே க்யா ஹை?"ன்னு போலீஸ்காரர் ஒவ்வொண்ணா எண்ணற மாதிரி பார்த்தார். மாடி ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அந்தக் கோர்ட்டோட ஃபைலுங்களை வச்சிருக்கற க்ளார்க்கைக் கண்டுபிடிச்சேன். அஹல்மத்னு சொல்வாங்க அவரை. சுத்தி ஃபைல் கட்டு, நடுவுல அவர் தலை மட்டும் தெரிஞ்சுது.

"நீங்க கேஸ்ல பார்ட்டியா?"ன்னு ஹிந்தில கேட்டார்.

"இல்லை."

"வக்கீலா?"

"இல்லை. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்."

"யாரோட பேக்ரவுண்ட்?"

அந்தம்மா பேரைச் சொன்னேன். வக்கீல் மூலமா விண்ணப்பம் போட்டாத்தான் ஃபைலைக் காட்ட முடியும், வழில போறவங்களுக்கெல்லாம் காட்ட முடியாதுன்னார். நியாயம்தான். ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: எங்க ஆள் யாராவது வந்து இதைக் கேட்டாங்களா? "இந்த ஃபைலை யாரும் கேட்டதில்லை"ன்னார். மணி நாலு தாண்டியிருந்துச்சு. அவர் பீரோவைப் பூட்டிட்டார்.

வராந்தால நின்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சு அந்தக் கோர்ட்டுக்கு நிஜமாவே போற வக்கீல் ஒருத்தர்தான். அந்த ரோத்தக்கம்மா. ஃபோன் போட்டு நான் இன்னார்னு சொன்னதுமே, "ஹா, ஜல்தி வாலே சாப்!"னாங்க, அவசரக்கார சாராம் நான். விஷயத்தைச் சொன்னேன். கேஸ் நம்பரைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்புறம், "இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கும் ஆகாது. திங்கக்கிழமை காலைல கோர்ட் திறந்ததும் விண்ணப்பம் போடறேன். ஃபைல் எப்ப கைக்கு வரும்னு மட்டும் கேட்காதீங்க"ன்னாங்க. நான் கேட்கலை. பழகிடுச்சு.

ஸ்கூலுக்கு ஒரு மெயில் போட்டேன்: ரிப்போர்ட்டை மறுபரிசீலனை செய்யறோம், திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் பொறுக்கவும். "புரோட்டோகால்படி எங்களுக்குக் கையில இருக்கற ரிப்போர்ட்தான் ரிப்போர்ட்"னு பதில் வந்துச்சு. அதுல ஒரு வரி கூட எனக்குப் புதுசில்லை. நான் அந்தம்மாகிட்ட பேசின மாதிரியே பேசியிருந்தாங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் விருந்தாளிங்களுக்குப் பரிமாறினேன். என்ன பேசினாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

திங்கக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வக்கீலம்மா ஃபோன். மட்டை அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல, புருஷன் பேர் வேற, செக்டர் வேற, ஊர் பானிபட். பேர் மட்டும்தான் ஒண்ணு. "க்ளியர்னு எழுத மாட்டேன்"னு இப்பவும் ஆரம்பிச்சாங்க. "நீங்க எப்படி வேணா எழுதுங்க தாயே"ன்னு தமிழ்லயே சொல்லிட்டேன்.

சிவப்பை எடுத்துட்டுப் பச்சையை அனுப்பிட்டு, ஸ்கூல் எச்.ஆருக்கு ஃபோனும் அடிச்சேன். அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா நன்றி சொல்லிச்சு. "ஆனா சார், அந்த இடத்துக்கு இன்னிக்குக் காலைல அடுத்த கேண்டிடேட் வந்து சேர்ந்துட்டாங்க. உங்க புது ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டுக்கறோம்." எங்க தப்பு, எழுதித் தர்றோம், எங்க முதலாளியை விட்டுப் பேசச் சொல்றேன்னு என்னென்னவோ சொன்னேன். வந்து உக்காந்தவங்களை எழுப்பி அனுப்ப முடியுமா சார்னு கேட்டுச்சு. முடியாதுதான்.

ஸ்ரீரங்கத்துக்காரரை லிஸ்ட்ல இருந்து எடுத்தேன். அவர் குடுத்த பச்சையெல்லாத்தையும் மறுபடி பார்க்கணும்னு முதலாளிகிட்ட சொன்னப்ப, அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத வேண்டாம். வக்கீலம்மாவைத்தான் கெஞ்சி அந்த வேலைக்கு எடுத்திருக்கோம். ரிப்போர்ட்டுங்க இப்ப மெதுவாத்தான் வருது. கஸ்டமருங்க கத்தறாங்க. கத்தட்டும்.

அந்தக் கோயமுத்தூர் அம்மாவுக்கு அன்னிக்குச் சாயங்காலமே ஃபோன் பண்ணினேன். மெயில் போட்டா போதும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேட்கலை. மன்னிச்சுக்கங்கன்னு ஆரம்பிச்சேன். எங்க ஆள் கோர்ட்டுக்கே போகாம எழுதிட்டார், விஷயம் தெரிஞ்ச நிமிஷமே எல்லாத்தையும் போட்டுட்டு நானே ஓடினேன், வெள்ளிக்கிழமை ஒரு நாலு மணிக்கு முன்னாடி போயிருந்தா ஒருவேளை நடந்திருக்கும்னெல்லாம் விடாம சொல்லிக்கிட்டே போனேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் ஒண்ணு கேட்டுச்சு. அவங்க அதை அணைச்சுட்டு வந்தாங்க.

"நான் புதன்கிழமை வந்து சொன்னப்ப நீங்க போகலீங்களே. அந்தாளு மேல சந்தேகம் வந்தப்பறம்தானுங்க போனீங்க"ன்னாங்க.